மூளை மின்வரைவும் துயிலாய்வும் பயிலுமாறு

1. தோற்றுவாய்

படித்தல் என்பது நூலைப் படித்தல் ஒன்றேயன்று. முகிலின் நிறத்தைப் படித்து மழையின் வரவறிவான் உழவன். நீரின் ஓட்டத்தைப் படித்து மீனின் செலவறிவான் வலைஞன். நாடியைப் படித்து நோய்நிலை யறிவான் மருத்துவன். இவ்வாறே, மக்கள் மூளையினின்று இரவும் பகலும் ஓயாது எழும் நுண்ணிய மின்னலைகளைப் பதிவு செய்து, மருத்துவர் படித்தற்குரிய ஏடாக ஆக்கித் தருவதும் ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலுடையாரை நரம்பியல் டெக்னாலஜிஸ்ட் என்றும், இரவிற் கண்விழித்துப் பிறர் துயிலை ஆராய்வாரைத் துயிலாய்வு டெக்னாலஜிஸ்ட் என்றும் மருத்துவமனைகளில் வழங்குவர். யாம் இக்கட்டுரையில் இவ்விரு திறத்தாரையும் வரைவாளர் என்னும் ஒரு சொல்லாற் குறிப்பாம்.

மருத்துவரை உலகம் அறியும்; செவிலியரையும் அறியும். வரைவாளரையோ அவர் கையாற் பயன்பெற்றாரும் அறியார். அவர் கற்பன யாவை, அக்கல்வியின் உயிர்நிலை யாது என்பவற்றைக் கற்றும் கேட்டும் அறிந்தவாறு எம் உடன்மாணவர்க்குக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிலக்கியம் பயில்வார்க்கு இஃது அயற்பொருளன்றோ எனின், அன்று. பழஞ்சுவடிகளினின்று நூல்களைப் பதிப்பித்த பெரியோர் பட்ட பாட்டைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஓலையில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு தோன்றாது. காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். செல்லரித்த துளையும் எழுத்தோ என மயக்கும். ஆசிரியர் எழுதியது எது, ஏடு பெயர்த்தெழுதினோன் பிழை எது, செல்லின் செயல் எது எனப் பிரித்தறிதலே பதிப்பாசிரியர்க்கு முதற்கடன். மூளை மின்வரைவு பயில்வார்க்கும் முதற்கடன் அதுவேயாம். தாளில் விழுந்த கோடுகளுள் மூளை எழுதியது எது, பிற எழுதியது எது எனப் பிரித்தறிதலே இக்கல்வியின் உயிர்நிலை. இதனையே பின்வருவனவற்றால் விளக்குவாம்.

2. வரலாறு

உயிர்களின் மூளையில் மின்னோட்டம் உண்டென்பதை முதற்கண் கண்டறிந்து கூறியவர் இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து மருத்துவராகிய ரிச்சர்ட் கேட்டன் என்பார். முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் அவர் கண்டதனை 1875ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனிதர் மூளையின் மின்னலைகளை 1924ஆம் ஆண்டில் முதன்முதற் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆயினும் அவர் அதனை உலகிற்கு உரைத்தது 1929ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட ஐந்தாண்டும் அவர் வாளா இருந்திலர். கருவி வரைந்த கோடு மூளையினது தானா, அன்றி நெஞ்சின் துடிப்போ, தசையின் அசைவோ, குருதியோட்டமோ அங்ஙனம் வரைந்ததோ என்று தம்மைத் தாமே வினவி, ஐயங்களை ஒவ்வொன்றாகக் களைந்தார். அதன் பின்னும் அறிஞர் பலர் நம்பினாரல்லர். 1934ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஏட்ரியனும் மாத்தியூஸும் தாமே செய்து கண்டு பெர்கர் கூறியது மெய்யென்று நாட்டிய பின்னரே உலகம் ஏற்றது.

இத்துறையின் முதலாசிரியர் செய்த முதல் வேலையே மெய்யையும் மயக்கத்தையும் பிரித்தறிதலாக இருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. அவர்க்கு ஐந்தாண்டு சென்ற அவ்வேலையை இக்காலத்து வரைவாளர் ஒவ்வொரு நோயாளி மாட்டும் நொடிதோறும் செய்தல் வேண்டும்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் என்னும் மூவர், ஒருவகை வலிப்பு நோயில் நொடிக்கு மூன்றாக எழும் கூர்முனை அலைகளைக் கண்டனர். அன்று முதல் மூளை மின்வரைவு மருத்துவர்க்கு இன்றியமையாததாயிற்று. 1953ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து ஆசரின்ஸ்கியும் கிளைட்மனும், துயில்வார்க்கு மூடிய இமையின்கீழ்க் கண்மணி விரைந்தோடும் காலம் உண்டென்றும், கனவு பெரும்பாலும் அக்காலத்து நிகழ்வதென்றும் வெளியிட்டனர். அதுகாறும் விளக்கவித்தாற்போல்வது என்று கருதப்பட்ட துயில், தனக்கெனப் பல படிகளையுடைய ஒரு தொழில் என்று அறியப்பட்டது.

3. தலையளத்தல்

மாணவர் முதற்கண் கற்பது கருவியை இயக்குதலன்று, தலையை அளத்தலாம். மூளையின் மின்னை வாங்கும் சிறு வட்டில்களை மின்வாய் என்பர். அவற்றை எங்கு ஒட்டுவது என்பதற்கு 1958ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஜாஸ்பர் என்பார் வெளியிட்ட பத்து-இருபது முறையே இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது.

மூக்கும் நெற்றியும் கூடும் பள்ளத்தினின்று உச்சி வழியாகப் பிடரியெலும்பின் முனைப்பு வரை நாடாவால் அளக்க 36 சென்டிமீட்டர் வந்ததெனக் கொள்வோம். அதன் பத்திலொரு பங்கு 3.6 சென்டிமீட்டர்; ஐந்திலொரு பங்கு 7.2 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் பத்திலொரு பங்கு விட்டு, இடையில் ஐந்திலொரு பங்காக மெழுகுப் பென்சிலாற் குறியிட்டுச் செல்லல் வேண்டும். பின்னர் ஒரு காதின் முன்னுள்ள பள்ளத்தினின்று மற்றொரு காது வரையும், தலையைச் சுற்றியும் அவ்வாறே அளந்து குறியிடுக. இங்ஙனம் தலைமேல் 19, செவிக்கொன்றாக 2, ஆக 21 இடங்கள் கிடைக்கும். இடப்பக்கத்தன ஒற்றையெண்ணும், வலப்பக்கத்தன இரட்டையெண்ணும் பெறும்.

சென்டிமீட்டரால் அளவு வகுக்காது பங்கினால் வகுத்தது என்னையெனின், குழந்தையின் தலையும் முதியோர் தலையும் ஓரளவினவல்ல. பங்கினால் வகுத்தவழியே இருவர் தலையிலும் ஒரே குறியின்கீழ் மூளையின் ஒரே பகுதி அமையும். இன்றெடுத்த வரைவை ஐந்தாண்டிற்கு முன் வேறோரூரில் வேறொருவர் எடுத்த வரைவோடு ஒப்பிடுதலும் அதனாலேயே இயலும். ஒரு பக்கத்து மின்வாய்கள் சிறிது நெருங்கிவிடின் அப்பக்கத்து அலை சிறுத்துத் தோன்றும். நோயில்லாத மூளை நோயுற்றதுபோற் காணப்படும். ஆகவே விரலகல வழுவும் இங்கே சிறு வழுவன்று.

அளந்தபின் தோலைத் துடைத்து, பசையிட்டு, மின்வாயை ஒட்டல் வேண்டும். மூளையலையின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை இருக்கும். ஒரு வோல்ட்டைப் பத்திலட்சம் கூறிட்டால் ஒரு கூறே ஒரு மைக்ரோவோல்ட். கைவிளக்கிற்கு இடும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட, 50 மைக்ரோவோல்ட் அலை முப்பதாயிரத்துள் ஒரு பங்கேயாம். இத்துணை நுண்ணிய மின் எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் கடந்து வருதல் அரிது. இதனாலன்றோ ஆய்விற்கு வருவாரை, எண்ணெய் தேய்க்காது தலை முழுகி, பூவும் பின்னலுமின்றி உலர்ந்த கூந்தலோடு வருமாறு முன்னரே கூறி விடுக்கின்றனர். மின்வாயும் தோலும் கூடுமிடத்து மின்தடை 10,000 ஓமிற்குக் குறைந்துள்ளதா என்று ஒவ்வொன்றையும் சோதித்த பின்னரே பதிவு தொடங்கல் வேண்டும்.

4. மெய்யும் மயக்கமும்

விழித்திருப்பவர் கண்ணை மூடியவழிப் பிடரிப் பக்கத்தில் நொடிக்கு 8 முதல் 13 வரையான அலைகள் ஒழுங்காக எழும். இதனை ஆல்பா என்பர். கண் திறந்தவழி அஃது அடங்கும். அதனினும் விரைந்தது பீட்டா, மெல்லியது தீட்டா, நொடிக்கு நான்கினும் குறைந்தது டெல்டா. இவற்றை மாணவர் சில கிழமைகளிற் கற்றுவிடுவர். பல திங்கள் முயன்று கற்பது மூளையினதல்லாத கோடுகளையேயாம்.

கண் இமைத்தால் நெற்றிப் பக்கத்துக் கோடு பேரலையாக விழும். பல்லைக் கடித்தாற் பொட்டுப் பக்கம் முட்செடிபோற் கருகும். வியர்வை பெருகினால் எல்லாக் கோடுகளும் மெல்ல மேலுங் கீழும் மிதக்கும். நம் நாட்டுக் கோடையில் இஃது அரிதன்று. மின்வாய் குருதிக்குழாயின்மேல் அமைந்துவிடின் நாடித்துடிப்பே மூளையலையென நிற்கும்; இதனை அறிதற்கென்றே நெஞ்சின் துடிப்பையும் உடன் பதிவு செய்கின்றனர். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுவதாகலின், அருகிலுள்ள விளக்கும் விசிறியும் அவ்வளவில் தம் கைவரிசையைக் காட்டும்.

இவற்றுள் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது ஒன்றுண்டு. கைக்குழந்தைக்கு வரைவெடுக்குங்கால் அது துயிலுமாறு தாய் மடியிலிட்டு மெல்லத் தட்டிக் கொடுப்பாள். அத்தட்டு ஒவ்வொன்றும் கோட்டில் ஓரலையாக விழும். ஒழுங்காக, ஒரே அளவாக, இடைவிடாது வரும் அவ்வலைகள் வலிப்பின் அலைகளையே ஒக்கும். அவ்வறையில் இல்லாத மருத்துவர் மறுநாள் அதனைப் படிக்கும்போது தாயின் கையை எங்ஙனம் அறிவார்? அந்நொடியிலேயே “தாய் தட்டுகின்றாள்” என்று வரைவாளர் குறித்து வைத்தல் வேண்டும். தாளில் இச்சிறு குறிப்பு இருந்தால் குழந்தை நோயற்றது. இல்லையேல் வலிப்பு நோயுடையதென எழுதப்பெற்று, ஆண்டுக்கணக்காக மருந்துண்ண நேரினும் நேரும்.

மயக்கத்தை அறியும் வழி யாதெனின், ஏடு பதிப்பிப்பார் கொள்ளும் வழியே பெரும்பான்மையும் இதற்கும் பொருந்தும். ஒரு சுவடியில் மட்டும் காணும் பாடத்தை ஐயுற்றுப் பிற சுவடிகளோடு ஒப்பிடுவர். அங்ஙனமே, மூளையில் எழும் மெய்யலை தான் எழுந்த இடத்து மிக்கும், அடுத்த மின்வாய்களிற் சிறிது சிறிதாகக் குறைந்தும் பரவிக் காணப்படும். ஒரே மின்வாயில் திடீரெனத் தோன்றி, அயலில் உள்ளவற்றில் சுவடும் காட்டாத அலையை ஐயுறல் வேண்டும். அம்மின்வாயைச் செப்பஞ்செய்து மீண்டும் நோக்கின் பெரும்பாலும் அது மறைந்தொழியும்.

5. பிழையின் விலை

இவ்வளவு நுணுக்கம் வேண்டுவதென்னை எனின், கூறுவாம். வலிப்பு என்னும் பெயர் ஒருவர்மேல் விழுந்தால் நம்மவரிடை அஃது எளிதில் நீங்குவதன்று. இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டின் திருத்தம், அடுத்தடுத்து வரும் வலிப்பையும் மணத்திற்குத் தகுதியின்மையாக வைத்தது; 1999ஆம் ஆண்டின் திருத்தம் அதனை நீக்கியது. சட்டம் நீக்கிய பின்னரும் ஊரார் நாவும் உறவினர் உள்ளமும் நீக்கினவல்ல. பெண்ணுக்கு மணமும், ஆணுக்கு வேலையும், இருவர்க்கும் ஊர்தியோட்டும் உரிமையும் அவ்வொரு சொல்லால் தடைப்படுகின்றன. ஆகவே நோயில்லார்மேல் அப்பெயரைச் சுமத்துதல் கொடிது.

நோயுடையாரை அறியாது விடுதலும் அங்ஙனமே கொடிது. வகுப்பில் ஒரு சிறுவன் பத்து நொடி அளவு கண் நிலைகுத்தி நிற்கின்றான். பின்னர்த் தன் செயலைத் தொடர்கின்றான். நாளில் பன்முறை இது நிகழ்கின்றது. ஆசிரியர் பராக்குப் பார்க்கின்றான் என்று அடிக்கின்றார். பெற்றோர் சோம்பேறி என்று கடிகின்றனர். மேலே கூறிய நொடிக்கு மூன்றாகிய கூர்முனை அலையையுடைய நோய் இதுவாக இருத்தல் கூடும். இத்தகைய சிறுவனை மூன்று நிமிடம் மூச்சை விரைந்தும் ஆழ்ந்தும் விடச் செய்தால், அந்நிலை வரைவாளர் கண்முன்னரே பெரும்பாலும் தோன்றும். அடிக்க வேண்டியவனல்லன், மருந்தாற் குணப்படுத்த வேண்டியவன் என்று அப்பொழுது தெளியலாம். ஆசிரியத் தொழில் மேற்கொண்டுள்ள எம் கல்லூரிப் பழைய மாணவர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்வாராக.

மற்றொன்றும் அறிதற்குரியது. வரைவு செம்மையாக இருத்தல் கொண்டு நோயில்லையென்று முடிவு செய்தல் ஆகாது. வலிப்புடையாருள் ஏறத்தாழப் பாதியளவினர்க்கே முதல் வரைவில் அடையாளம் தோன்றும். துயிலுங்கால் எடுத்தால் தோன்றுவது மிகும். ஆகலின் நோயாளியை முதல்நாள் இரவு குறைவாகத் துயிலச் செய்து, வரைவெடுக்குங்கால் உறங்க விடுவது வழக்கம். மூளை மின்வரைவும் துயிலாய்வும் உடன்பிறந்த கல்விகளாதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

6. நோயாளியின் அருகில்

வரைவாளர் கருவியோடு மட்டும் பழகுவாரல்லர். மூச்சை விரைந்து விடச் செய்யுமுன், அண்மையிற் பக்கவாதமோ நெஞ்சுநோயோ உற்றவரா என்று வினவுதல் அவர் கடன். உற்றவராயின் அச்சோதனை தவிர்க்கப்படும். ஒளியை மின்னி மின்னி மறையச் செய்யும் சோதனையில் வலிப்பின் அறிகுறி தோன்றின் உடனே நிறுத்தல் வேண்டும்.

ஆய்வறையிலேயே நோயாளிக்கு வலிப்பு வந்துவிடின், வரைவாளர் அஞ்சுதல் கூடாது. அவரை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, கழுத்து இறுக்கத்தைத் தளர்த்தி, தொடங்கிய நேரத்தைக் குறித்து, பெயர் சொல்லி அழைத்து, விடை வருகின்றதா என்று நோக்கி, மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். வாயில் எதனையும் திணித்தல் ஆகாது. கையில் இரும்புத் திறவுகோலைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். பெரும்பாலான வலிப்புக்கள் சில நிமிடங்களில் தாமே ஓய்வன. ஓய்ந்த பெருமையைத் திறவுகோல் பெறுகின்றது. ஐந்து நிமிடத்திற்கு மேலும் ஓயாதாயின் அஃது உயிர்க்கு இடராகும். உடனே மருத்துவ உதவி வேண்டும்.

வரைவு முடிந்தவுடன் “என் பிள்ளைக்கு என்ன?” என்று தாய் வினவுவாள். அவ்வினாவிற்கு விடை கூறாதிருக்கவும் வரைவாளர் பயில்கின்றனர். ஏடெழுதுவோர் மூலத்தை வழுவின்றித் தருவர். உரை கூறுவோர் ஆசிரியர். வரைவாளர் மூலத்தைத் தருபவர். உரை கூறுதல் மருத்துவர்க்கே உரியது. ஆயினும் மூலம் பிழைபட்டால் எத்துணைச் சிறந்த உரையாசிரியரும் பிழைபடுவர். ஆதலின் ஒருவரை ஒருவர் தாழ்த்தற்கு இடமில்லை.

7. இரவுக் காவல்

இனித் துயிலாய்வைக் கூறுவாம். மாலையில் வந்தவர்க்குத் தலையிலும், கண்ணோரத்திலும், முகவாயிலும், காலிலும், நெஞ்சிலும் மின்வாய்கள் ஒட்டப்படும். மூக்கில் மூச்சுக்காற்றை அளக்கும் குழாயும், மார்பிலும் வயிற்றிலும் மூச்சசைவை அளக்கும் பட்டிகளும், விரலில் குருதியின் பிராணவாயுவை அளக்கும் கருவியும் சேர்க்கப்படும். பின்னர், “கண்ணை மூடுக, திறக்க, இடம் நோக்குக, வலம் நோக்குக, பல்லைக் கடிக்க, மூச்சை அடக்குக, காலை அசைக்க” என்று ஒவ்வொன்றாகச் செய்வித்து, கருவிகள் அனைத்தும் மெய் கூறுகின்றனவா என்று வரைவாளர் சோதிப்பர். இதன் பின்னரே விளக்கு அணைக்கப்படும். துயில்வார் ஓரறையிலும் விழித்திருப்பார் மற்றோரறையிலுமாக விடியுமட்டும் ஆய்வு நடைபெறும்.

துயிலைப் படிப்பார் அதனை 30 நொடிகளாகப் பகுத்துப் படிப்பர். எட்டு மணி நேரத் துயிலில் 960 பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் விழிப்போ, துயிலின் முதற்படியோ, இரண்டாம் படியோ, மூன்றாம் படியோ, விரைகண் துயிலோ என்று தனித்தனி முடிவு செய்யப்படும். முதற்படியில் ஆல்பா அலை தேய்ந்து மறையும். இரண்டாம் படியில் நூற்கதிர்போல் நடுப்பருத்து இருபுறமும் சிறுத்த விரைந்த அலைக்கூட்டம் தோன்றும். மூன்றாம் படியில் மெல்லிய பேரலைகள் மிகும். இதுவே ஆழ்ந்த துயில். விரைகண் துயிலில் கண்மணி ஓடும். மூச்சு ஒழுங்கு மாறும். முகவாய்த் தசையோ முற்றும் தளர்ந்துவிடும். இப்படிகள் ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒருமுறை சுழன்று வருவன. இவற்றை முடிவு செய்தற்கு ரெச்ட்ஷாஃபன், கேல்ஸ் என்னும் இருவர் 1968ஆம் ஆண்டில் விதி வகுத்தனர். அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2007ஆம் ஆண்டில் அதனைத் திருத்திப் புதுவிதி வெளியிட்டது.

துயிலாய்வு பெரிதும் வேண்டப்படுவது துயிலிடை மூச்சுத்தடை என்னும் நோய்க்காம். குறட்டையை நன்றாய்த் துயில்வதன் அடையாளம் என்று நகையாடுவார் பலர். அந்நோயுடையார்க்குத் துயிலுங்கால் தொண்டை வழி அடைபட்டு, மூச்சுக்காற்று பத்து நொடியும் அதற்கு மேலும் நின்றுவிடும்; பிராணவாயு குறையும்; மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கும். இவ்வாறு முழுத்தடையும் குறைத்தடையும் கூட்டி மணிக்கு 5 வரின் நோயென்றும், 30 வரின் கடுமையென்றும் வளர்ந்தோர்க்குக் கணக்கிடுவர். இரவெல்லாம் படுக்கையிற் கிடந்தும் அவர் துயின்றாரல்லர். பகலில் ஊர்தி ஓட்டுங்கால் கண்ணயர்ந்தால் அவர்க்கும் எதிர்வருவார்க்கும் கேடு விளையும். இந்நோய்க்கு மூக்கின் வழியாகக் காற்றை இடைவிடாது அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்பார் 1981ஆம் ஆண்டில் உடன்பணியாளரோடு வெளியிட்டார். அக்காற்றழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, எவ்வளவில் தடை நீங்குகின்றது என்று நள்ளிரவிற் கண்டறிதலும் வரைவாளர் வேலையேயாம்.

8. பயில்வார்க்குரிய நெறி

நரம்பின் வழி மின்செல்லும் விரைவை அளத்தல், ஒலியும் ஒளியும் மூளையைச் சென்றடையும் காலத்தை அளத்தல், அறுவை நடைபெறுங்கால் நரம்பிற்கு ஊறு நேராது கண்காணித்தல் ஆகியனவும் இக்கல்வியின் கிளைகள். இவற்றிற்கெல்லாம் உடற்கூறு, உடலியக்கவியல், மின்னியல் என்னும் மூன்றும் அடிப்படை. ஆகவே மேனிலைப் பள்ளியில் அறிவியற் பாடங்களைப் பயின்றோர்க்கே பெரும்பாலும் இதில் இடம் கிடைக்கும்.

அமெரிக்க நாட்டில் வரைவாளர் தமக்கெனக் கழகம் ஒன்றை 1959ஆம் ஆண்டில் அமைத்தனர். 1964ஆம் ஆண்டு முதல் தேர்வு நடத்திச் சான்றளிக்கும் குழுவும் ஆங்குண்டு. நம் நாட்டில், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையைத் தொடங்கினார். அவர் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். பத்து-இருபது முறையை வெளியிட்ட ஜாஸ்பரும் அம்மான்ட்ரியல் நிலையத்திற் பணியாற்றியவரே. இத்துறையின் தலையூற்றுக்கும் நம் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றற்கும் இங்ஙனம் தொடர்பு ஏற்பட்டது நாம் மகிழத்தக்கது.

இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைமருத்துவப் படிப்புக்களுள் நரம்பு மின்னியக்கவியல் இளநிலைப் பட்டமும் ஒன்று. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் இத்துறைப் பயிற்சி உண்டு. இடமும் விதியும் ஆண்டுதோறும் மாறுவனவாதலின், விரும்புவார் அவ்வந் நிறுவனத்தின் அறிவிப்பை நோக்குக. 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைமருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மூளை மின்வரைவாளரும் துயிலாய்வாளரும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளனர். பெயரறியாது கிடந்த தொழிலுக்குச் சட்டம் பெயர் தந்தது ஒரு நன்மையேயாம்.

கணினியே அலைகளை எண்ணித் துயிற்படிகளை வகுக்கும் இக்காலத்தில் மனிதர் எதற்கு என்பார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவாம். கணினி விரைந்து எண்ணும், மறுக்கவில்லை. ஆயினும் கழன்ற மின்வாயை ஒட்டுவது யார்? அஞ்சிய குழந்தைக்கு ஆறுதல் கூறுவது யார்? அறையில் நிகழ்ந்ததனைக் கண்டு குறித்து, கணினி எண்ணியதனைச் சரியென்றோ தவறென்றோ ஆராய்வது யார்? எழுத்து அச்சேறிய பின்னரும் பிழை பார்ப்போர் வேண்டாமற் போகவில்லை யன்றோ?

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், மின்வரைவும் துயிலாய்வும் பயிலுதலாவது பொறியை இயக்கப் பயிலுதல் மட்டுமன்றென்பதும், மெய்யை மயக்கத்தினின்று பிரித்தறியப் பயிலுதலே என்பதும், அப்பயிற்சியின் குறைவால் விளையும் கேடு தாளில் நில்லாது மக்கள் வாழ்வில் விழும் என்பதும் விளங்கும். இத்தொழிலிற் புகழில்லை. நோயாளி மருத்துவரையே வாழ்த்திச் செல்வார். துயின்றெழுந்தவர் தம்மை இரவெல்லாம் காத்தவர் முகத்தையும் நன்கு அறியார். எனினும் தாம் எழுதாத ஒன்றனைப் பிழையின்றி எழுதித் தரும் நேர்மை எத்துறையிலும் அரியது. அந்நேர்மையையும் பொறுமையையும் உடைய எம் உடன்மாணவரும் அவர்தம் இளையோரும் இக்கல்வியை நாடுவாராயின், கற்பாரும் பயன்பெறுவர். நாட்டு நோயாளரும் பயன்பெறுவர்.